நீதிமொழிகள் முரண்படும் இடங்களை வாசிப்பது எப்படி? வேதபாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தின் நீதிமொழிகள் நூலில் 26-ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனம், மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. ஐந்தாம் வசனம், கொடு என்கிறது. வேதபாடக் கூட்டத்தில் இரண்டையும் அடுத்தடுத்து உரக்க வாசித்தால் யாராவது ஓர் இளைஞர் சிரிப்பார். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நடத்துகிறவர் அவசரமாக ஆறாம் வசனத்துக்குத் தாவிவிடுவார். என்னைக் கேட்டால் அந்த அறையில் கவனமாக வாசித்தவர் சிரித்தவர்தான்.

யூத ஆசிரியர்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். வசனங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதால் நீதிமொழிகளை ஒதுக்கி வைத்துவிட எண்ணினார்கள் என்று யூத மறைநூல் விளக்கத் தொகுப்பான தல்மூதின் சபாத் பகுதி சொல்கிறது. அதற்கு அங்கே காட்டப்படும் உதாரணமும் இந்த இரண்டு வசனங்களே. பிரசங்கி நூலுக்கும் இதே ஆபத்து வந்தது. கடைசியில், ஒரு வசனம் வேத விஷயத்துக்கு, மற்றது உலக விஷயத்துக்கு என்று பிரித்து அமைதியானார்கள். அந்தப் பிரிப்பில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் சங்கடத்தை மூடி மறைக்காமல் சபை நடுவே வைத்துப் பேசினார்கள். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

தமிழருக்கு இதில் மிரள எதுவும் இல்லை. துஷ்டனைக் கண்டால் தூர விலகு என்கிறோம். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்ட வள்ளுவரே, சோராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். தமிழ்ப்பள்ளியில் இரண்டு குறளையும் மனப்பாடம் செய்தோம்; முரண்பாடு என்று சொல்லி யாரும் புத்தகத்தை மூடவில்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்டப் பட்டணங்களில், தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டு வரவேற்பறையில் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து வேதபாடம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிறவர்களில் பலர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அப்பா பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நின்றவர், அம்மா பால்வாளி சுமந்தவர். ‘சுறுசுறுப்புள்ளவன் கை செல்வத்தை உண்டாக்கும்’ என்ற வாக்கு அவர்கள் காதில் எப்படி விழும் என்பதை யோசிக்காமல் பாடம் எடுக்கக் கூடாது.

முதல் படி: இரண்டையும் முழுதாக எழுதுங்கள்

நினைவிலிருந்து சொல்லாதீர்கள். நினைவில் நிற்பது பெரும்பாலும் பாதி வசனம்தான். ‘கர்த்தரின் ஆசீர்வாதமே ஐசுவரியத்தைத் தரும்’ என்று காலண்டரில் அச்சடிக்கிறார்கள். அநியாயத்தால் சேர்த்த திரவியம் ஒன்றுக்கும் உதவாது என்று அதே பத்தாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனம் சொல்வதை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மோதுகிற இரண்டு வசனங்களையும் இடம் வலமாக எழுதுங்கள். முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10:15-ஐயும் (பத்தாம் அதிகாரம், 15-ஆம் வசனம்) 18:11-ஐயும் எழுதிப் பாருங்கள். ஐசுவரியவானுடைய பொருள் அவனுக்கு அரணான பட்டணம் என்ற முதற்பாதி இரண்டுக்கும் பொது. பத்தாம் அதிகாரத்தில் அதற்கு அடுத்து வருவது, ஏழையை அவன் வறுமை கலங்கடிக்கிறது என்ற செய்தி. பணம் பாதுகாப்பு தருகிறது என்ற நடப்பை அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பதினெட்டாம் அதிகாரமோ, அந்த மதில் அவன் எண்ணத்தில்தான் உயரமானது என்கிறது. அதற்கு முந்திய வசனம் கர்த்தரின் நாமத்தைப் பலத்த துருகம் என்கிறது. இரண்டாம் பாதியைப் படிக்காதவருக்கு இரண்டும் ஒரே வசனமாகத்தான் தெரியும்.

இரண்டாம் படி: ‘ஏன்’ என்று வசனம் சொல்வதைப் பிடியுங்கள்

மறுபடி 26:4-5. கட்டளைகள் எதிரெதிர். காரணங்கள் எதிரெதிர் இல்லை. பதில் கொடுத்தால் ‘நீயும் அவனைப்போலாவாய்’ என்பது நான்காம் வசனத்தின் காரணம். கொடாவிட்டால் ‘அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான்’ என்பது ஐந்தாம் வசனத்தின் காரணம். முதலாவது உங்களுக்கு வரும் சேதத்தைப் பற்றியது, இரண்டாவது அவனுக்கு வரும் சேதத்தைப் பற்றியது. இரண்டு சேதமும் நிஜம். இன்று எது பெரியது என்று பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பை இந்த நூல் உங்களிடம் விட்டுவிடுகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். கத்தி மேலோடு நின்றால் பால் வராது, கூடுதலாக இறங்கினால் மரம் புண்ணாகும். எவ்வளவு ஆழம் என்பதை அந்தந்த மரத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எதிரில் இருப்பது எப்படிப்பட்ட ஆள் என்றும் பாருங்கள். நீதிமொழிகள் எல்லா அறிவீனரையும் ஒரே கட்டாகக் கட்டுவதில்லை. பேதை என்பவன் இன்னும் கற்காதவன். அவனுக்காகவே இந்த நூல் எழுதப்பட்டதாக முதல் அதிகாரம் சொல்கிறது. பரியாசக்காரன் வேறு. அவனைக் கடிந்துகொண்டால் உன்னைப் பகைப்பான் என்று 9:8 எச்சரிக்கிறது. ஆனால் 19:25-ஐயும் விட்டுவிடாதீர்கள்: பரியாசக்காரன் அடிபட்டால் பக்கத்தில் நிற்கும் பேதை எச்சரிக்கையடைவான். அப்படியானால், பதில் யாருக்குப் போகிறது என்பதைவிட யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது.

இதைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வைத்துப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு ஒருவர் உங்களைச் சீண்டி எழுதுகிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். நான்காம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் வேறொருவர், போட்ட பணத்தை மூன்றே மாதத்தில் இரட்டிப்பாக்கும் திட்டம் ஒன்றை வேதவசனத்தோடு ஒட்டி அனுப்புகிறார். குழுவில் ஊழியர் சேமநிதிப் பணத்தை அண்மையில் எடுத்த அக்கா ஒருவரும் இருக்கிறார். இங்கே மௌனம் சாதிப்பது பாவம். ஐந்தாம் வசனத்தின்படி எல்லாரும் காணப் பதில் எழுதுங்கள். அனுப்பியவர் திருந்தாவிட்டாலும் பரவாயில்லை. மூடனை உரலில் போட்டு உலக்கையால் குத்தினாலும் அவன் மூடத்தனம் நீங்காது என்று 27:22 முன்பே சொல்லிவிட்டது. அவன் மாறிவிடுவான் என்று 26:5 எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சுவிசேஷத்தில் இரண்டும் நடக்கின்றன. எந்த அதிகாரத்தினால் செய்கிறீர் என்று கேட்ட பிரதான ஆசாரியரிடம் இயேசு யோவானின் ஸ்நானத்தைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்டு வாயடைக்கிறார் (மத்தேயு 21). ஏரோது பல கேள்விகள் கேட்டபோது ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை (லூக்கா 23:9).

மூன்றாம் படி: வாக்கின் வகையைப் பிரியுங்கள்

இது சின்ன வேலை. பரிதானம், அதாவது லஞ்சம், இரத்தினம்போல் மின்னும், திரும்பிய பக்கமெல்லாம் காரியம் வாய்க்கும் என்று 17:8 சொல்லும்போது அது நாட்டு நடப்பு. நீதியைப் புரட்டுவதற்கு அதை மறைவாக வாங்குகிறவன் துன்மார்க்கன் என்று 17:23 சொல்லும்போது அது தீர்ப்பு. நோட்டில் ஒவ்வொரு வசனத்தின் பக்கத்திலும் நடப்பு, புத்திமதி, தீர்ப்பு, ஒப்பீடு என்று ஒரு சொல் எழுதுங்கள். முரண்பாடு என்று நினைத்தவற்றில் நிறைய இங்கேயே கரைந்துவிடும்.

ஒப்பீட்டை மட்டும் தனியாகக் கவனியுங்கள். அநியாயமாய் வந்த அதிக வருமானத்திலும் நியாயமாய் வந்த கொஞ்சம் உத்தமம் என்பது 16:8. இதே வார்ப்பில் 15:16, 19:1, 28:6 என்று பல வாக்குகள் உண்டு. நீதிமான் எப்போதும் செழிப்பான், துன்மார்க்கன் எப்போதும் வறுமைப்படுவான் என்று இந்த நூல் உண்மையிலேயே நம்பியிருந்தால் இந்த ஒப்பீடுகளுக்கு இடமே இருக்காது. நேர்மையான ஏழையும் கோணலான பணக்காரனும் தெருவில் நடமாடுவது அதற்கு நன்றாகத் தெரியும்.

நான்காம் படி: முன்னோக்கி எழுதப்பட்டதைப் பின்னோக்கி வாசிக்காதீர்கள்

மற்றப் படிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நம் பட்டணங்களில் அதிகமானவர்களைக் காயப்படுத்தியது இந்தப் பிழைதான்.

‘சோம்பற்கையால் வேலைசெய்கிறவன் ஏழையாவான்’ (10:4) என்பது ‘என் மகனே’ என்று அழைத்துப் பேசும் ஒன்பது அதிகாரங்களுக்குப் பின் வருகிறது. வாழ்க்கையைத் தொடங்கும் ஒருவனுக்குச் சொன்ன புத்திமதி அது. சோம்பேறியாக இருந்தால் வறுமை வரும். ஆனால் வறுமையில் இருக்கிற ஒருவரைக் கண்டு, இவர் சோம்பேறியாக இருந்திருப்பார் என்று திருப்பிப் போட வசனம் அனுமதி தரவில்லை. மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று ஆகிவிடாது.

திருப்பிப் போட முடியாததற்குக் காரணம், வறுமைக்கு இந்த நூலே பல காரணங்களைச் சொல்வதுதான். சோம்பல் உண்டு: 24:30-34-இல் முட்காடாகிப்போன சோம்பேறியின் வயலைப் பாருங்கள். வேலையில்லாத வெறும் பேச்சு உண்டு (14:23). குடியும் பெருந்தீனியும் உண்டு (23:21). பணக்காரனாகத் துடிக்கும் அவசரம் உண்டு (28:22). இவையெல்லாம் அவரவர் செய்வது. இவற்றோடு 13:23-உம் இருக்கிறது: ஏழைகளின் வயல் மிகுதியான ஆகாரத்தை விளைவிக்கும், ஆனாலும் நியாயம் கிடையாமல் கெட்டுப்போகிறவர்கள் உண்டு. உழைப்பில் குறையில்லை, நிலமும் விளைந்தது, நடுவில் அநியாயம் புகுந்து வாரிக்கொண்டு போயிற்று. ஏழையாயிருக்கிறான் என்பதற்காக ஏழையைக் கொள்ளையிடாதே என்று 22:22 தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம்.

13:23-க்கு விளக்கம் தேடி எருசலேமுக்குப் போக வேண்டாம். மலாயா விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் அந்நிய முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலை போனது. லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது என்பதால் வீடும் போனது. விடியுமுன் எழுந்து காட்டுக்குப் போன மனிதர்கள் அவர்கள். அவர்களில் யாரைச் சோம்பேறி என்பீர்கள்? தொழிலாளர்களின் சேமிப்பைக் கூட்டித் தோட்டங்களைத் தாங்களே வாங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். சுங்கை சிப்புட்டை நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் பிரதிநிதித்தவர் அவர். 10:4-உம் 13:23-உம் ஒரே முயற்சியில் சந்தித்த இடம் அது: உழைப்பும் சேமிப்பும் ஒரு பக்கம், அநியாயத்துக்கு எதிரான ஏற்பாடு மறுபக்கம்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் காடுகளில் சில வீடமைப்புத் திட்டங்களாயின. நாட்கூலிக்காரருக்கு மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பால் விலை சரிந்தால் கையில் வருவதும் சரியும். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்ததே 2013-இல்தான், அதுவும் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்). இந்த வரலாறு தெரியாத ஒருவர், பெரிய பதாகை கட்டிய ஆசீர்வாதக் கூட்டத்தில் நின்று, ‘நீங்கள் ஏழையாக இருந்தால் உங்கள் விசுவாசத்தில் குறை’ என்று முழங்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் காட்டும் வசனம் வேதத்தில்தான் இருக்கிறது. திருப்பிப் போட்டது அவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றுக்கும் தோட்ட நிர்வாகமும் அரசாங்கமும் காரணம் என்று சொல்லிவிட்டுச் சாராயக் கடையிலேயே கிடக்கிறவருக்கு 13:23-ஐ வாசித்துக் காட்டாதீர்கள். அவருக்கு 23-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி இருக்கிறது. மதுரசத்தால் கண் சிவந்து, அடிபட்டும் வலி தெரியாமல், எழுந்ததும் மறுபடி அதையே தேடுகிறவனை அது வரைந்து காட்டுகிறது. வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செல்வத்தைப் பற்றிய விவாதம் முடியாமல் இழுத்துக்கொண்டு போனால் 30:8-9-ஐ, ஆகூரின் ஜெபத்தை, வாசியுங்கள். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம். நிறைந்தால் கர்த்தர் யார் என்பேன், குறைந்தால் திருடுவேன். இவ்வளவு யதார்த்தமான ஜெபத்தை நம் ஜெபக்கூட்டங்களில் யாரும் செய்து நான் கேட்டதில்லை.

ஐந்தாம் படி: எவ்வளவு தூரத்தில் நின்று பேசுகிறார் என்று பாருங்கள்

நீதிமானுக்கு ஒரு கேடும் வராது என்கிறது 12:21. நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்கிறது 24:16. கேடே வராதவன் ஏழுமுறை எப்படி விழுந்தான்? இரண்டாவது வசனத்துக்கு முந்தியதைப் பாருங்கள்: நீதிமானுடைய வாசஸ்தலத்துக்கு விரோதமாய்ப் பதிவிருக்காதே என்று துன்மார்க்கனை எச்சரிக்கிறது. ஆக, தள்ளிவிட ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதை நூல் ஒப்புக்கொள்கிறது. 12:21 பாதையின் முடிவை நோக்கிப் பேசுகிறது. 24:16 பாதையிலேயே நிற்கிறது.

பிரசங்கி அதைவிட அருகில் நிற்கிறார். நீதிமான் தன் நீதியிலே கெட்டுப்போகிறதும், பாவி தன் பாவத்திலே நீடித்திருக்கிறதும் உண்டு என்று 7:15-இல் கண்டதைச் சொல்கிறார். எட்டாம் அதிகாரத்தில் தேவனுக்குப் பயந்தவர்கள் நன்றாயிருப்பார்கள் என்று 12-ஆம் வசனத்தில் சொன்னவர், இரண்டு வசனம் தாண்டி, துன்மார்க்கருக்கு வர வேண்டியது நீதிமான்களுக்கு வருகிறது என்கிறார். ஒன்றை அறிந்திருக்கிறார், மற்றதைக் கண்ணால் பார்க்கிறார். எதையும் அழிக்காமல் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்.

‘மிஞ்சின நீதிமானாயிராதே’ (7:16) என்பதைக் குழுவில் யாராவது கண்சிமிட்டிக்கொண்டு எடுப்பார், நிச்சயம். கொஞ்சம் தப்புச் செய்தால் பரவாயில்லை என்ற அனுமதிச் சீட்டாக அதை நினைக்கிறார்கள். அடுத்த வசனமே மிஞ்சின துஷ்டனாயிராதே என்கிறது. 7:15-ஐ ஒட்டி வாசித்தால், நீதியை நீண்ட ஆயுளுக்கான காப்புறுதித் திட்டமாக நினைத்துச் சந்தா கட்டுகிறவரைத்தான் அவர் தடுக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

37-ஆம் சங்கீதத்தில் ஒரு முதியவர், நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்கிறார். அது அவருடைய சாட்சி, அவர் கண்ட அளவில் உண்மை. அதே சங்கீதம் பொல்லாதவன் செழிப்பதைக் கண்டு எரிச்சலடையாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதிலிருந்து, கேட்பவர்கள் என்ன நிலையில் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். 73-ஆம் சங்கீதத்தைப் பாடிய ஆசாப், தான் பொறாமைப்பட்டதை மறைக்கவில்லை; விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன் என்று புலம்புகிறார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய் வந்த பிறகு துன்மார்க்கரின் முடிவு அவருக்குத் தெரிகிறது. அவருடைய பொருளாதாரம் மாறியதாக ஒரு வரிகூட இல்லை.

ஆறாம் படி: சொன்னவர் யார், கேட்டவர் யார்

‘குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?’ என்று யோபுவின் நண்பர்களில் ஒருவரான எலிப்பாஸ் கேட்கிறார் (யோபு 4:7). நீதிமொழிகளில் இந்த வாக்கு இருந்திருந்தால் யாரும் உறுத்தலாக உணர மாட்டோம். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் இது சொல்லப்பட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் எலிப்பாஸ்மேல் கோபங்கொள்கிறார். யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். வேடிக்கை என்னவென்றால், இதே எலிப்பாஸின் இன்னொரு வாக்கைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் மேற்கோள் காட்டி ஏற்றுக்கொள்கிறார். வாக்கில் பிழையில்லாமலும் இருக்கலாம். யோபுவின் நிலைமையிலிருந்து பின்னோக்கிப் போய் அவர்மேல் குற்றம் கண்டுபிடித்ததுதான் பிழை. நான்காம் படியில் பார்த்த அதே பிழை.

நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது. இழவு வீட்டுக்குப் போகும் சபையார் அதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மூடன் வாயில் அகப்பட்ட பழமொழி வெறியன் கையில் அகப்பட்ட முள் என்று 26:9 சொல்கிறது. நாம் தொடங்கிய அதே அதிகாரம்தான். பழமொழித் தொகுப்பு ஒன்று தன் பழமொழிகளைப் பற்றியே இப்படி எச்சரிக்கிறது.

ஏழாம் படி: உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றில் சோதித்துப் பாருங்கள்

நம் பக்கத்தில் அடிக்கடி எழுவது கடன் பிணை. ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான் என்பது 19:17. கடனுக்காகப் பிணைப்படாதே, படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொள்வார்கள் என்பது 22:26-27. மைத்துனர் மோட்டார்சைக்கிள் கடன் பாரத்தோடு வாசலில் நிற்கிறார். எந்த வசனம்?

மேலே சொன்ன படிகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். முதலாவது, கையில் இருப்பதைக் கொடுப்பதைப் பற்றியது. திரும்பி வராவிட்டாலும் குடும்பம் நிலைத்திருக்கும். இரண்டாவது, கையில் இல்லாததை வாக்குக் கொடுப்பதைப் பற்றியது. இருநூறு வெள்ளியை இனாமாகக் கொடுத்துவிட்டுப் பாரத்தில் கையெழுத்துப் போட மறுப்பவர் இரண்டு வசனத்துக்கும் கீழ்ப்படிகிறார். கையெழுத்துப் போட்டுவிட்டவருக்கு 6:1-5 இருக்கிறது: தூங்காதே, உடனே போய் மன்றாடி விடுவித்துக்கொள்.

கூட்டம் நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே இரவில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். முதல் வாரம் 26:1-12 மட்டும். ஒருவர் நான்காம் வசனத்துக்காகவும் மற்றொருவர் ஐந்தாம் வசனத்துக்காகவும் வாதாடட்டும். இரண்டாம் வாரம் வறுமையின் காரணங்கள். வயதானவர்களைத் தோட்டத்துக் காலத்தைப் பற்றிப் பேசவிட்டு, பிறகு 13:23-ஐத் திறங்கள். மூன்றாம் வாரம் பிரசங்கி 7-உம் 8-உம். யோபுவைக் கடைசியில் வையுங்கள். 3-ஆம் அதிகாரம் முதல் 31 வரை வீட்டில் படித்து வரச் சொல்லுங்கள், கூட்டத்தில் 21-ஐ மட்டும் உரக்க வாசியுங்கள். துன்மார்க்கர் ஏன் நீண்ட நாள் வாழ்ந்து வலுவடைகிறார்கள் என்று யோபு கேட்கும் அதிகாரம் அது. வாசித்து முடித்ததும் யாராவது உடனே பதில் சொல்ல வாயெடுத்தால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அடுத்தவரைக் கேளுங்கள்.